ஏழாம் வகுப்புப் பையனை மூன்று மணிக்கு மேல் யார் பார்ப்பது?

கேள்வி: நாங்கள் கலிஃபோர்னியாவில், பே ஏரியாவில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகன் அரசு மிடில் ஸ்கூலில் ஏழாம் வகுப்பு படிக்கிறான், வயது 12. பள்ளி மூன்று மணிக்கு முடியும். புதன்கிழமை ஒன்றரைக்கே விட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் ஆறு மணி வரை பள்ளியிலேயே ஆஃப்டர் ஸ்கூல் நடக்கிறது. வீட்டுப்பாடம், கூடைப்பந்து, ரோபோ செய்வது என்று அவனுக்கு மிகவும் பிடித்த இடம். வரும் ஆகஸ்டிலிருந்து மிடில் ஸ்கூல்களில் இதை நிறுத்த யோசிப்பதாக, எங்கள் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. தொடக்கப்பள்ளிகளில் தொடருமாம். "நாம் எச்-1பி விசாவில் இருக்கிறோம், ஓட்டுக்கூடக் கிடையாது, நமக்கு எதற்கு வம்பு? கோச்சிங்கில் சேர்த்துவிடலாம்" என்கிறார் கணவர். ஆனால் மகனின் நெருங்கிய நண்பன் ஒருவன் இருக்கிறான். அவன் அம்மா தனியாக அவனை வளர்க்கிறார், உணவகத்தில் வேலை. அவர்களால் கோச்சிங்குக்குப் பணம் கட்ட முடியாது. நாங்கள் ஸ்கூல் போர்டு கூட்டத்துக்குப் போய்ப் பேசலாமா? பேசினால் ஏதாவது நடக்குமா?

— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் கணவரின் தயக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். அது தீராமல் மற்றதைப் பேசிப் பயனில்லை.

நீங்கள் பேசலாம். கலிஃபோர்னியாவில் 1953-லிருந்து பிரவுன் சட்டம் இருக்கிறது. டிஸ்ட்ரிக்டுக்கு முடிவெடுக்கும் குழுவான ஸ்கூல் போர்டும் நகர மன்றமும் கூட்டத்தைப் பொதுமக்கள் முன்னால் நடத்த வேண்டும், வந்தவர்கள் பேச நேரம் ஒதுக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். பேசும் உரிமை பொதுமக்களில் யாருக்கும் உண்டு. குடியுரிமையோ ஓட்டோ அதற்கு நிபந்தனை இல்லை. கூட்டத்துக்கு வருகிறவர் பெயரைப் பதிந்தால்தான் உள்ளே விடுவோம் என்றுகூட அவர்கள் சொல்ல முடியாது. இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசுகிறவருக்கு, மற்றவர்களுக்குக் கொடுக்கும் நேரத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு கொடுக்க வேண்டும் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. ஊரிலிருந்து வந்து பேரனைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி தமிழிலேயே பேசலாம். அப்படிப் பாட்டிகள் பேசும்போது கேட்டிருக்கிறேன், அறையே அமைதியாகிவிடும்.

விசாவில் இருப்பவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது வேறு இடத்தில். வாக்காளர் பட்டியலில் தவறியும் பெயரைப் பதியாதீர்கள். கடை வாசலில் அட்டையும் பேனாவுமாக நிற்பவர்கள் நீட்டும் தேர்தல் மனுக்களில் கையெழுத்துப் போடாதீர்கள். அவை பதிவு செய்த வாக்காளர்களுக்கானவை. போர்டு தேர்தலில் நிற்பவருக்கோ பள்ளி வரிக்கான பிரசாரத்துக்கோ நன்கொடை கொடுக்காதீர்கள். இந்த மூன்றையும் ஒதுக்கிவிட்டால், கூட்டத்தில் பேசுவதும் கடிதம் எழுதுவதும் கணக்குக் கேட்பதும் உங்களுக்குத் திறந்த வழிதான். இந்தக் காலத்தில் மைக் முன்னால் நிற்கவே மனம் வரவில்லை என்றால் அதுவும் எனக்குப் புரிகிறது. எழுத்தில் அனுப்புங்கள். அதுவும் கூட்டத்தின் பதிவேட்டில் சேரும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் 22 ஆண்டுகள் பள்ளி டிஸ்ட்ரிக்ட்களின் பட்ஜெட் பிரிவில் வேலை பார்த்தவள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வெட்டுப் பட்டியல்கள் தயாரித்திருக்கிறேன். தொடக்கப்பள்ளியில் தொடரும், மிடில் ஸ்கூலில் நிற்கும் என்று நீங்கள் எழுதிய வரியிலேயே எனக்குப் பாதிக் கதை தெரிந்துவிட்டது.

வெளியே இருந்து பார்க்க ஆஃப்டர் ஸ்கூல் ஒரே திட்டம். உள்ளே அது நாலைந்து உண்டியல்களின் பணம், ஒவ்வொரு உண்டியலுக்கும் தனிப் பூட்டு. பழைய உண்டியல் 2002-ல் வாக்காளர்கள் நிறைவேற்றிய புரொபொசிஷன் 49. அர்னால்ட் ஸ்வார்ஸ்னேகர் கவர்னர் ஆவதற்கு முந்தைய ஆண்டு முன்னின்று கொண்டுவந்தது அது. ஆண்டுக்கு 55 கோடி டாலர் என்று தொடங்கி, பிறகு கூட்டினார்கள். கிண்டர்கார்ட்டனிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை செல்லும். பள்ளி விட்டவுடன் தொடங்கி மாலை ஆறுவரை நடக்க வேண்டும், 20 பிள்ளைகளுக்கு ஒருவராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விதி. அதற்கு அரசு தருவது ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 10 டாலர் சொச்சம். குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகள் பாதிக்கு மேல் இருக்கும் பள்ளிகளுக்கே இதில் முன்னுரிமை. உங்கள் பள்ளி அப்படி இல்லை என்றால் இந்தப் பணம் அங்கே வந்திருக்க வாய்ப்பு குறைவு.

புதிய உண்டியல் 2021-ல் வந்தது. மிகப் பெரியது, ஆண்டுக்கு 400 கோடி டாலரைத் தாண்டியது. ஆனால் அந்தப் பணம் கிண்டர்கார்ட்டனுக்கு முந்தைய வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளை எண்ணித் தரப்படுகிறது. ஏழும் எட்டும் அந்த எண்ணிக்கையில் இல்லை. தொடக்கப்பள்ளியில் திட்டம் தப்புவதும் மிடில் ஸ்கூலில் அடிபடுவதும் பெரும்பாலும் இதனால்தான். உங்கள் டிஸ்ட்ரிக்டில் யாருக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள்மேல் வெறுப்பு இல்லை. பணம் வரும் வாசலில் அவர்கள் பெயர் எழுதவில்லை, அவ்வளவுதான்.

இங்கேதான் உங்களுக்கு ஒரு நல்ல கேள்வி கிடைக்கிறது. உங்கள் மிடில் ஸ்கூல் ஆறாம் வகுப்பில் தொடங்குகிறதா? அப்படியானால் அதே வளாகத்தில் படிக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிய உண்டியலிலிருந்து டிஸ்ட்ரிக்டுக்குப் பணம் வருகிறது. அதை வாங்கிக்கொள்ளும் டிஸ்ட்ரிக்ட், குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோரைப் பிரிந்து ஃபாஸ்டர் வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்கும் ஆறாம் வகுப்புவரை இந்த வசதியைத் தர முன்வந்தாக வேண்டும். சரி, ஆகஸ்டில் வளாகத்தையே மூடிவிட்டால் அந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? பேருந்தில் வேறு பள்ளிக்கா? அப்படியானால் பேருந்துச் செலவு எவ்வளவு? ஆறாம் வகுப்புக்காக விளக்குப் போட்டு, ஆள் வைத்து, கதவைத் திறந்து வைக்கத்தான் போகிறார்கள் என்றால், ஏழையும் எட்டையும் சேர்த்துக்கொள்ள எவ்வளவு கூடுதலாகும்? முழுத் திட்டத்தின் செலவைவிட அந்தக் கூடுதல் தொகை எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். பட்டியலில் முழுத் தொகை மட்டும் எழுதியிருப்பார்கள். கூடுதல் தொகையைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது உண்டியல் இப்போது காலி. கோவிட் காலத்தில், 2021 மார்ச்சில், மத்திய அரசு நாடு முழுக்கப் பள்ளிகளுக்கு 12,200 கோடி டாலர் கொடுத்தது. அந்தப் பணத்தைச் செலவுக்கு ஒதுக்கக் கடைசி நாள் 2024 செப்டம்பர் 30. பல டிஸ்ட்ரிக்ட்கள் அதில் ஆஃப்டர் ஸ்கூலைப் பெரிதாக்கின. போனஸ் வந்த மாதத்தில் பெரிய வீட்டுக்கு வாடகைக்குப் போன மாதிரி. அப்போது அது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்றரை வருடம் வீட்டுக்குள்ளேயே கிடந்த பிள்ளைகளுக்கு அது தேவைப்பட்டது. ஆனால் வாடகை மாதாமாதம் வருகிறது, போனஸ் வருவதில்லை.

கடைசியாகப் பொது நிதி, அதாவது சம்பளமும் மின்கட்டணமும் போகும் பெரிய பெட்டி. கலிஃபோர்னியாவில் அது பெயர்ப் பட்டியலைப் பார்த்து வருவதில்லை; தினமும் வகுப்புக்கு வந்த பிள்ளைகளின் சராசரியைப் பார்த்து வருகிறது. மாநிலத்தின் அரசுப் பள்ளிகளில் பத்து வருடத்துக்கு முன் சுமார் 62 லட்சம் பிள்ளைகள் படித்தார்கள். 2023-24-ல் சுமார் 58 லட்சம். வீட்டு விலையைப் பார்த்து இளம் குடும்பங்கள் வெளியேறும் பே ஏரியாவில் இது இன்னும் உறுத்தும். கடந்த மூன்று ஆண்டுச் சராசரியை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை இருப்பதால் அடி உடனே தெரியாது, தாமதமாக விழும். உங்கள் டிஸ்ட்ரிக்ட் சொல்லும் பற்றாக்குறை பொய்யாக இருக்காது. அதை நம்புங்கள். பற்றாக்குறை இருக்கிறதா என்பதில் சண்டை வேண்டாம். அதை எந்த வரியில் வெட்டுவது என்பதுதான் பேச்சு.

ஆகவே முதல் வேலை, டிஸ்ட்ரிக்டின் வரவு செலவைப் பார்க்கும் வணிகப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல். நம் மிடில் ஸ்கூல் ஆஃப்டர் ஸ்கூலுக்கு இந்த ஆண்டு எந்தெந்த நிதியிலிருந்து எவ்வளவு வந்தது, நிறுத்தினால் பொது நிதிக்கு நிகர மிச்சம் எவ்வளவு, வாரத்தின் ஒவ்வொரு நாளும் சராசரியாக எத்தனை பிள்ளைகள் வந்தார்கள். இவ்வளவு போதும். பதில் வராவிட்டால் பொது ஆவணச் சட்டத்தின் கீழ் கேட்கிறேன் என்று எழுதுங்கள். அப்படிக் கேட்டால் தர முடியுமா முடியாதா என்று பத்து நாளில் சொல்லியாக வேண்டும். அதைக் கேட்கவும் குடியுரிமை தேவையில்லை.

அந்த மூன்றாவது கேள்வியைப் பற்றி நான் நிறையச் சொல்ல வேண்டும். மிடில் ஸ்கூல் திட்டங்கள் அங்கேதான் தோற்கின்றன.

எட்டு வயதுப் பிள்ளை வாரம் ஐந்து நாளும் வரும். பன்னிரண்டு வயதுப் பையன் அப்படி வர மாட்டான். கூடைப்பந்து இருந்தால் செவ்வாயும் வியாழனும் வருவான். நண்பனுக்குக் காய்ச்சல் என்றால் தானும் வர மாட்டான். சீசன் மாறினால் ஓட்டப்பந்தய டீமுக்குப் போய்விடுவான். இந்த வயதின் இயல்பே அது. ஆனால் கணக்குத் தாளில் அது "வருகை குறைவு" என்று விழும். 90 பேர் பதிந்திருக்க, ஒரு நாளில் 50 பேர் இருந்தால், ஏதோ ஆர்வம் இல்லாத திட்டம் மாதிரித் தெரியும். உண்மையில் அந்த 90 பேருக்கும் அது கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டிய இடம்.

அப்புறம், நிறுத்தப்போகிறார்கள் என்ற செய்தி வந்த நாளிலிருந்து இன்னொன்று நடக்கும். அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள், சிலர் அதே பள்ளியில் படித்து வளர்ந்தவர்கள். ஒரு நாளைக்கு நாலு மணி நேர வேலை, சலுகைகள் எதுவும் இல்லை. ஆகஸ்டில் வேலை இருக்காது என்று தெரிந்தால் ஏப்ரலிலேயே வேறு இடம் தேடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ரோபோ சொல்லிக் கொடுத்த அண்ணன் போனதும் பத்துப் பையன்கள் வருவதை நிறுத்திவிடுவார்கள். மே மாதம் கூட்டத்தில், "பாருங்கள், வருகை பாதியாகிவிட்டது" என்று ஒரு வரைபடம் திரையில் வரும். அந்த வரைபடத்தை நானே ஒரு முறை தயாரித்திருக்கிறேன். எண்கள் சரியானவை. ஆனால் வெட்டு அறிவிப்பு வந்த தேதியில் அதில் ஒரு கோடு போட்டுக் காட்டியிருந்தால், விழுந்தது எதனால் என்று போர்டு உறுப்பினர்களுக்கு ஒரு நிமிடத்தில் புரிந்திருக்கும். நான் போடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அந்தக் கோட்டை நீங்கள் கேளுங்கள். மகனை இந்த மாதங்களில் முடிந்தவரை தினமும் அனுப்புங்கள், தெரிந்த பெற்றோரிடமும் சொல்லுங்கள்.

நேரத்தைப் பற்றி. கவர்னர் ஜனவரி 10-க்குள் முதல் பட்ஜெட்டை வைப்பார், மே 14-க்குள் திருத்தி வைப்பார், ஜூன் 15-க்குள் சட்டமன்றம் நிறைவேற்ற வேண்டும். டிஸ்ட்ரிக்ட் ஜூலை 1-க்குள் தன் பட்ஜெட்டை ஏற்க வேண்டும். அதற்கு முன் ஜூனில் பொது விசாரணை ஒரு கூட்டத்தில், வாக்கெடுப்பு இன்னொரு கூட்டத்தில் நடக்கும். ஜூன் விசாரணைக்குப் போய்ப் பேசலாம் என்று காத்திருக்காதீர்கள். நிரந்தர ஊழியர்களுக்கு வேலைநீக்க நோட்டீஸ் மார்ச் 15-க்குள் போய்விடுகிறது. வெளி அமைப்போடு ஒப்பந்தம் என்றால், அதைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்பது ஏப்ரல், மே கூட்டங்களிலேயே வந்துவிடும். ஜூனில் மிஞ்சுவது சடங்கு. வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலை 72 மணி நேரத்துக்கு முன் வெளியிட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலையில் அதை ஒரு பார்வை பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தைவிட அமைதியான ஓர் இடமும் உண்டு. 2013-ல் ஜெர்ரி பிரவுன் கவர்னராக இருந்தபோது பள்ளி நிதிமுறையையே மாற்றினார்கள். அதிலிருந்து ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டும் எல்கேப் என்ற திட்ட ஆவணம் எழுதுகிறது. எந்த வேலைக்கு எவ்வளவு பணம் என்று அதில் இருக்கும். அதற்கென்று ஒரு பெற்றோர் ஆலோசனைக் குழு உண்டு. அந்தக் குழு எழுதிக் கொடுக்கும் கருத்துக்கு டிஸ்ட்ரிக்டின் தலைமை அதிகாரியான சூப்பரின்டென்டென்ட் எழுத்தில் பதில் தர வேண்டும். மைக்கில் பேசும் ஒன்றரை நிமிடத்துக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. குழுவின் ஒரு வரிக்குப் பதில் வந்தே தீர வேண்டும். அந்தக் குழுவில் இருக்கும் பெற்றோர் யார் என்று பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள். ஒரு காபிக்கு அழைத்துப் பேசுங்கள். நம்மவர்கள் இந்தக் குழுக்களில் அதிகம் சேர்வதில்லை என்பது எனக்கு வருத்தம்தான். கணக்கு படிக்கத் தெரிந்த பெற்றோர் அங்கே எவ்வளவு உதவியாக இருப்பார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

பேசுவது என்று முடிவு செய்தால் எழுதி எடுத்துப் போங்கள். பலரும் "இந்தத் திட்டம் மிக முக்கியம், தயவுசெய்து நிறுத்தாதீர்கள்" என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறார்கள். அது முக்கியம் என்று போர்டு உறுப்பினர்களுக்கும் தெரியும். அவர்களுக்குத் தெரியாதது உங்கள் புதன்கிழமை. ஒன்றரை மணிக்கு ஒரு பிள்ளை வெளியே வருகிறான், அவனுடைய பெற்றோர் ஆறு மணிக்கு வீட்டுக்கு வருகிறார்கள், இடையில் நாலரை மணி நேரம். அதைச் சொல்லுங்கள். அப்புறம் ஆறாம் வகுப்புக் கேள்வியை வையுங்கள். முடியுமானால் மகனும் ஒரு நிமிடம் பேசட்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, மூன்று மணிக்கு மேல் தான் பேசுகிற ஒரே பெரியவர் அங்கேயிருக்கும் அக்காதான் என்று சொன்னாள். வேறெதுவும் சொல்லவில்லை. போர்டு உறுப்பினர் ஒருவர் எங்கள் பக்கம் திரும்பி, "தினமும் ஆறு மணிவரை இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்?" என்று கேட்டார். எங்களிடம் அந்த எண் இல்லை. டாலர் மட்டும்தான் இருந்தது. முடிவை இரண்டு வாரம் தள்ளிவைத்தார்கள். கடைசியில் வாரத்தில் மூன்று நாளாகக் குறைத்துத் திட்டத்தைக் காப்பாற்றினார்கள். முழு வெற்றி இல்லை. ஆனால் அந்த மூன்று நாளில் புதன்கிழமையும் இருந்தது.

இப்போது கோச்சிங். உங்கள் கணவர் சொல்வதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். கையில் ஒரு மாற்று வழி இருப்பது நல்லது. மகனுக்காக அதை இப்போதே விசாரித்து வையுங்கள். ஆனால் அது இதற்கு ஈடாகாது. மூன்று மணிக்கு அவனைப் பள்ளியிலிருந்து கோச்சிங்குக்குக் கொண்டுபோய் விட யார் இருக்கிறார்கள்? ஒன்றரை மணி நேர வகுப்பு முடிந்து நாலரைக்கு அவனை யார் எடுப்பார்கள்? அதுவுமில்லாமல் நாள் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்த பையனை இன்னொரு பெஞ்சில் கொண்டுபோய் உட்கார வைக்கிறோம். கூடைப்பந்தும் ரோபோவும், ஒன்றும் செய்யாமல் நண்பனோடு சுவரில் சாய்ந்து பேசும் அரை மணி நேரமும் அவனுக்குத் தேவை. இந்த வயதில் பிள்ளைகள் நம்மிடம் சொல்வதைக் குறைத்துக்கொண்டு வேறு பெரியவரைத் தேடுவார்கள். நல்ல பெரியவர் ஒருவர் கண்ணில் படும் இடத்தில் அவன் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நானும் ஒரு தாயாகச் சொல்கிறேன்.

பணக் கணக்கும் இருக்கிறது. உங்கள் மகனுக்கு 12 வயது. பிள்ளை பராமரிப்புச் செலவுக்குத் தரும் மத்திய வருமான வரிச் சலுகை 13 வயது நிறையும்வரைதான். அலுவலகத்தில் வரி பிடிக்காமல் எடுத்து வைக்கும் பராமரிப்புக் கணக்கும் அப்படியே. குறைந்த வருமானக் குடும்பங்களுக்குத் தரும் பராமரிப்பு உதவியும் பொதுவாக அந்த வயதோடு நின்றுவிடும். புதிய ஆஃப்டர் ஸ்கூல் பணம் ஆறாம் வகுப்போடு நிற்கிறது. பதின்மூன்றாவது பிறந்தநாளில் நாம் கேக் வெட்டுகிறோம், அதே நாளில் அவன் பெயர் ஒவ்வொரு பட்டியலிலிருந்தும் விழுகிறது. வேலைக்குப் போகலாமா என்றால் முடியாது. கார் ஓட்டலாமா, அதுவும் முடியாது. தனியாக எத்தனை வயதில் வீட்டில் விடலாம் என்று இந்த மாநிலச் சட்டத்தில் ஒரு வயது எழுதவில்லை. அதைப் பெற்றோரின் தலையில் வைத்திருக்கிறார்கள். இந்த ஓட்டையைப் பள்ளி மட்டும்தான் அடைத்து வைத்திருந்தது. அதனால்தான் இந்த வெட்டுக்கு எதிராக எனக்கு இவ்வளவு கோபம்.

உங்கள் மகனின் நண்பனுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் தொட்டது அந்த வரி. அவன் அம்மாவுக்கு நீங்கள் உடனே செய்யக்கூடிய ஓர் உதவி இருக்கிறது. 2022-லிருந்து கலிஃபோர்னியாவின் அரசுப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சாப்பாடு இலவசம். நல்ல காரியம். ஆனால் அதனால் வருமானப் படிவத்தை நிரப்புவதைப் பல குடும்பங்கள் விட்டுவிட்டன. சாப்பாடுதான் கிடைக்கிறதே, எதற்குப் படிவம் என்று. அந்தப் படிவத்தை வைத்துத்தான் டிஸ்ட்ரிக்டுக்கு அப்படிப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் அடிப்படைத் தொகைக்கு மேல் 20 சதவீதம் வருகிறது. அந்தப் பணம் அந்தப் பிள்ளைகளின் நலனுக்காகச் செலவழிய வேண்டியது. ஆஃப்டர் ஸ்கூல் அதில் நன்றாகப் பொருந்தும். அவர் படிவம் கொடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் உட்கார்ந்து சேர்ந்து நிரப்புங்கள்.

நம் குடும்பங்களுக்கும் இதில் ஒரு சின்ன விஷயம். பள்ளியில் சேர்க்கும்போது வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று கேட்கும் தாளில், பிள்ளைக்கு ஆங்கிலத் தேர்வு வைத்துவிடுவார்களோ என்று பயந்து சிலர் "ஆங்கிலம்" என்று எழுதிவிடுகிறார்கள். தமிழ் பேசினால் தமிழ் என்றே எழுதுங்கள். ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்கும் அதே 20 சதவீதம் உண்டு. நம் பிள்ளைகளில் பலர் சில ஆண்டுகளில் அந்தப் பட்டியலிலிருந்து தேறி வெளியே வந்துவிடுவார்கள். அதுவரை அவர்களுக்கு உதவியும் கிடைக்கும்.

நண்பனின் அம்மாவால் மாலைக் கூட்டத்துக்கு வர முடியாமல் இருக்கலாம்; உணவகத்தில் அதுதான் வேலை நேரம். அவர் சம்மதித்தால் அவர் எழுதியதை நீங்கள் வாசிக்கலாம். அவருக்காக நீங்கள் பேசுவதாக இல்லாமல், அவருடைய சொற்களே அந்த அறைக்குள் போகட்டும்.

மத்திய அரசிடமிருந்து ஏதாவது வருமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கூட்டத்தில் யாராவது அதைச் சொல்வார்கள். ஆஃப்டர் ஸ்கூலுக்கென்றே மத்திய அரசு ஆண்டுக்குச் சுமார் 130 கோடி டாலர் நாடு முழுக்கக் கொடுக்கிறது. 2025 ஜூலை 1-ல் வர வேண்டிய அந்தப் பணத்தை, தருவதற்கு ஒரு நாள் முன்னால் நிறுத்திவைத்தார்கள். எதிர்ப்பு எழுந்தபின் மூன்று வாரத்துக்குள் விடுவித்தார்கள். பணம் வந்துவிட்டது. ஆனால் ஜூலையில் ஆள் எடுக்க வேண்டியவர்கள் எடுக்க முடியாமல் நின்றார்கள். அந்த அனுபவத்துக்குப்பின் எந்த டிஸ்ட்ரிக்டும் அதை நம்பி உறுதி சொல்லத் தயங்கும். உள்ளூர்ப் பணத்திலேயே நம் பேச்சை வைத்துக்கொள்வோம்.

முழுவதும் காப்பாற்ற முடியாமல் போகலாம். அதையும் உங்களிடம் மறைக்கக் கூடாது. அதனால் இரண்டாவது கோரிக்கை ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருங்கள். புதன்கிழமையை முதலில் கேளுங்கள், ஏனென்றால் பிள்ளைகள் அதிக நேரம் வெளியே நிற்கும் நாள் அது. வருமானத்துக்கு ஏற்ற கட்டணம் வைத்து, முடியாதவர்களுக்கு இலவசமாக நடத்த முடியுமா என்று கேளுங்கள். உங்களைப் போன்ற குடும்பங்கள் மாதம் ஒரு தொகை கட்டத் தயார் என்றால், அதை எண்ணிக்கையோடு எழுத்தில் கொடுங்கள். "நாங்கள் 30 குடும்பங்கள் கட்டுவோம்" என்ற வரிக்கு பட்ஜெட் பிரிவில் மதிப்பு உண்டு. நகரத்தின் பூங்கா, பொழுதுபோக்குத் துறைக்கும் ஒரு கடிதம் போடுங்கள். பல ஊர்களில் நகரமும் டிஸ்ட்ரிக்டும் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன, நகரத்தின் நிதியாண்டும் பெரும்பாலும் ஜூலை 1-ல்தான் தொடங்குகிறது. பெற்றோர் அறக்கட்டளையிடம் பணம் திரட்டிக் காப்பாற்றலாம் என்று யாராவது சொன்னால், ஒரு வருடத்துக்குப் பாலமாக மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை நன்கொடைக்குப் போன செலவு பொது நிதிக்குத் திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை.

இந்த வாரம் மூன்று கேள்விகளோடு அந்த மின்னஞ்சலை அனுப்பிவிடுங்கள். கணவரிடம் இந்தப் பதிலின் முதல் பகுதியைக் காட்டுங்கள். கணக்குப் பகுதியை அவரே படித்துப் பார்க்கட்டும், எண்களோடு வேலை செய்பவர் என்றால் எனக்கு எட்டாத ஏதாவது அவர் கண்ணில் படலாம். டிஸ்ட்ரிக்டிலிருந்து பதிலும் தாள்களும் வந்தால் எனக்கு அனுப்புங்கள். கூட்டத்துக்கு முன் வரி வரியாகப் பார்த்து, எதைக் கேட்க வேண்டும் என்று எழுதி அனுப்புகிறேன்.